காளை வராத டப்பா

பற்பசையோடு இலவசமாக வரும் பிளாஸ்டிக் மிருகங்களில் ஆதிமூலத்துக்குக் கிடைக்காதது காளை ஒன்றுதான். கல்யாணமான குமாஸ்தா இதைச் சொன்னால் சிரிப்பார்களே என்ற கூச்சத்தில், பல்லுக்கு நல்லது என்று சொல்லியே வீட்டாரை மூன்று வேளையும் தேய்க்க வைத்தார்.

இன்றைக்கும் டப்பாவில் ஒட்டகம்தான்.

“காளையே போடமாட்டானா?”

“மாடு வேணும்னா கீழ்பென்னாத்தூர் சந்தைக்குப் போங்க சார்,” என்றார் கடைக்காரர் பரசுராமன்.

வீடு வந்ததும் மனைவி சரசுவிடம் வெடித்தார். “ஒரு பிளாஸ்டிக் காளைக்கு நாயா அலையறேன்டி. எனக்கு மட்டும் வரமாட்டேங்குது.”

“அதுக்குத்தானா இவ்ளோ பேஸ்ட்டு? மொத டப்பாலயே வந்துச்சிங்க. பூஜை அலமாரியில லிங்கத்துக்கு எதிர்ல நந்தி இல்லியேனு, விபூதி அப்பி வெச்சிட்டேன்.”

ஆதிமூலம் பூஜை அலமாரியைத் திரும்பிப் பார்த்தார்.

“ஆமா, தெனமும் அது காதுல இன்னாதான் வேண்டிக்கிறீங்க?”