திரும்பி வரக் காரணம்

"ஃபாரம் நிரப்பறதுக்கு ஆள் வைக்கணுமாம், ஆள்! எனக்குக் கை இல்லையா, எழுதத் தெரியாதா?"

மகன் போனைப் பார்த்துக் கத்தினான். போனுக்குள் இருந்த தங்கைக்கு எட்டு மாதம் முடியப் போகிறது. வெளிநாட்டில் தலைப்பிரசவம். அம்மா பக்கத்தில் இருக்கணும் என்று மூன்று மாதமாகக் கெஞ்சுகிறாள்.

"நீ எழுதி ஒரு தடவை விசா இல்லன்னுட்டாங்கல்ல, அண்ணா. இந்தத் தடவையாவது ஒரு ஏஜென்ட்கிட்ட கொடுத்துடேன்."

"ஏஜென்ட் என்ன பண்ணுவான் தெரியுமா? இல்லாததை இருக்குன்னு எழுதுவான். நான் எழுதினது ஒவ்வொரு எழுத்தும் சத்தியம். பொய் சொல்லி வாங்கற விசா நம்ம குடும்பத்துக்கு வேணாம்."

தெருவில் அவனுக்குத் 'தராசு' என்று பெயர். கண்டக்டர் தவறிக் கொடுத்த சில்லறையை ஒரு தடவை திருப்பிக் கொடுத்தான். அந்தக் கதையை அவன் வாயால் நாலு தடவை கேட்காதவர்கள் தெருவில் கிடையாது.

அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

"என் பிள்ளை மாதிரி யாருக்கு வாய்க்கும்? வீட்டு வரி கட்ட நான் அலையக்கூடாதுன்னு, ரெண்டு வருஷம் முன்னாடியே ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போய், போட்டோ எடுத்து, கையெழுத்து போட வெச்சு, அந்தத் தலைவலியைத் தன் தலையில வாங்கிக்கிட்டானே!"

"அந்தப் பேச்சு இப்ப எதுக்கும்மா?" என்றான் தராசு, ரொம்ப அடக்கமாக.

சமையல்கட்டிலிருந்து மருமகள் எட்டிப் பார்த்தாள்.

"பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல, ஜெராக்ஸ் கடை மாடியில ஒரு ஏஜென்ட் அக்கா இருக்காங்க. அவங்ககிட்டயே போயிடலாமே?"

"உன்னை யாரு கேட்டா?" என்றான் தராசு.

மாமியாரும் சேர்ந்துகொண்டாள். "என்னை ஏத்தி விடறதுல உனக்கு என்னடி இவ்வளவு அவசரம்? மூணு மாசம் காலை நீட்டிப் படுக்கலாம்னு பாக்கறியா?"

"ஆமா அத்தை. உங்க குறட்டைச் சத்தம் இல்லாம ஒரு நாளாவது தூங்கிப் பாக்கணும்."

"வாயைப் பாரு!"

மறுநாள் தராசு ஆபீசுக்குக் கிளம்பின கையோடு, "வாங்க அத்தை, மருந்துக் கடைக்குப் போயிட்டு வரலாம்" என்று மாமியாரைக் கிளப்பினாள் மருமகள். மாடிப்படி ஏறி, 'விசா உதவி' என்ற போர்டுக்குக் கீழே நிறுத்தினாள்.

மாமியாருக்கு மூச்சு வாங்கியது. கோபம் அதற்கு மேல். "பொய்க்காரி! என் பிள்ளை வாயில இப்படி ஒரு பொய் வருமா?"

உள்ளே ரெண்டு நாற்காலி, ஒரு மேசை, கழுத்தைத் திருப்பும்போதெல்லாம் 'கிறீச்' என்கிற ஒரு மேசை ஃபேன். மருமகள் பையிலிருந்து, தராசு எழுதின பழைய ஃபாரத்தின் ஜெராக்ஸை எடுத்துக் கொடுத்தாள்.

ஏஜென்ட் அக்கா படிக்காமலேயே ஆரம்பித்தாள். "அம்மா, நீங்க அங்க போனா திரும்பி வந்துடுவீங்கன்னு அவங்களுக்கு நம்பிக்கை வரணும். அதுக்கு ஒரு காரணம் காட்டணும். அதனால நான் முதல்ல கேக்கறதே வீட்டுப் பத்திரம்தான். உங்க பேருல வீடு ஏதாவது இருக்கா?"

"இல்லாம? முப்பது வருஷம் ஆஸ்பத்திரி போர்வை துவைச்சுக் கட்டின வீடு! அதை எழுத மறந்துட்டானா? பாவம், அவனுக்கு ஆயிரம் வேலை."

அக்கா ஃபாரத்தைப் புரட்டினாள். ஒரு இடத்தில் விரல் நின்றது. மருமகளைப் பார்த்தாள். மருமகள் ஃபேனைப் பார்த்தாள்.

"மறக்கலைம்மா. இங்கிலீஷ்ல எழுதியிருக்கார். அப்படியே சொல்றேன். 'சொந்த வீடு: இல்லை. ரெண்டு வருஷம் முன்னாடி மகன் பேருக்குத் தானமாக எழுதிக் கொடுத்துவிட்டார். இப்போது மகன் வீட்டில் தங்கியிருக்கிறார்.' பத்திர நம்பர்கூட போட்டிருக்கார்."

ஃபேன் ரெண்டு தடவை கிறீச்சிட்டது.

"வீட்டு வரின்னுதானே சொன்னான்?" என்றாள் மாமியார். குரல் அவளுக்கே கேட்டிருக்காது.

"இந்த ஜெராக்ஸைப் படிச்சப்பதான் எனக்கே தெரியும், அத்தை" என்றாள் மருமகள். "நான் சொன்னா அம்மாவையும் பிள்ளையையும் பிரிக்க வந்தவன்னு ஆயிடும். நீங்களும் நம்ப மாட்டீங்க. அதான் மருந்துக் கடைன்னு..."

மாமியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தாள். ஒரு தடவை துடைத்தால் போதாது போலிருந்தது.

"அவன் சொன்னது சரிதான்" என்றாள் கடைசியில். "ஒரு எழுத்துகூட பொய் இல்ல. முன்னப் பின்னத் தெரியாத வெளிநாட்டு ஆபீசர்கிட்ட உண்மையைச் சொல்லியிருக்கான். வீட்டுக்குள்ள இருக்கற என்கிட்ட சொல்லத்தான் நேரம் கிடைக்கல."

அக்கா பேனாவை மூடப் போனாள். "இன்னொரு நாள் பாத்துக்கலாமாம்மா?"

"எதுக்கு இன்னொரு நாள்? அங்க எம் பொண்ணு நாளை எண்ணிக்கிட்டு இருக்கா."

"இல்ல... திரும்பி வரக் காரணம்னு இப்ப எதைப் போடறது? பென்ஷன் ஏதாவது வருதா?"

மாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"பென்ஷன் கிடக்கட்டும். நான் சொல்றதை அப்படியே எழுதும்மா. 'பிள்ளை பெத்தவளுக்கு மூணு மாசம் செய்ய வேண்டியதைச் செஞ்சுட்டு, கட்டாயம் திரும்பி வருவேன். என் வீட்டுல ஒருத்தன் இருக்கான், காலி பண்ண வைக்கணும்.'"