எண்ணெய் இருக்கும்வரை

தம்போய் அடுக்குமாடி வீட்டின் சன்னல் கம்பிகளில் மாலை மழை சொட்டுகிறது. கணினியின் நீல வெளிச்சம் லோகேஸ்வரனின் முகத்தில் அசையாமல் கிடக்கிறது. விளையாட்டில் எதிரியின் டாங்கிகள் அவன் காக்க வேண்டிய பாலத்தை நெருங்குகின்றன; அவனிடம் மிஞ்சியிருப்பது ஒரே விமானம். அதன் விமானிக்கு அவன் அண்ணன் தன் பெயரையே வைத்திருந்தான்: ரூபேந்திரன். போன மழைக்காலத்தில் எல்லை தாண்டிச் சிங்கப்பூர் வேலைக்கு மோட்டார் சைக்கிளில் கிளம்பிய அண்ணன் வீடு திரும்பவில்லை. திரும்பி வந்த அவனுடைய தலைக்கவசம் மட்டும் கதவோரம் ஆணியில் தொங்குகிறது.

"அலமாக், இன்னும் யோசிக்கிறியா? ஏவுகணைய மாட்டுண்ணே, தூரத்திலேருந்தே அடிக்கலாம்," என்கிறாள் தங்கை லோஷினி, கோப்பையில் சூடான மைலோவை ஊதியபடி.

"மேகமா இருக்குலா. குறி சிக்காது."

"அப்ப ராக்கெட்?"

"தாழப் பறக்கணும். சுட்டுருவானுங்க. விமானி செத்தா பேரும் அழிஞ்சிரும்."

மைலோவை ஊதுவது நின்றுபோகிறது. லோகேஸ்வரன் ராக்கெட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றுகிறான். இறக்கைகளின் அடியில் ஆயுதம் தொங்க வேண்டிய இடத்திலெல்லாம் கூடுதல் எண்ணெய்த் தொட்டிகளை மாட்டுகிறான்.

"பாலம் போயிரும்ணே."

"போவட்டும்."

விமானம் கனத்துடன் மெல்ல எழும்புகிறது. பாலத்துக்கு முதுகைக் காட்டியபடி, வரைபடத்தின் ஓரத்தை நோக்கி, எண்ணெய் இருக்கும்வரை ரூபேந்திரன் பறக்கிறான்.