இடம் மாறிய வெயில்

"கிழக்கு எது, மேற்கு எதுன்னு சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். உங்களுக்குத் தெரியலையா?"

டீம் லீடர் போட்ட சத்தம் மீட்டிங் ரூமுக்கு வெளியிலும் கேட்டது. முதலாளி இருக்கிறாரே, ஆஸ்பத்திரி நிர்வாகி இருக்கிறாரே என்றெல்லாம் அவள் பார்க்கவில்லை.

எதிரே தலைகுனிந்து நின்றவனுக்கு ஆபீஸ் வைத்த பேர் தூங்குமூஞ்சி. அவளும் அவனும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

ஆஸ்பத்திரியின் கரண்ட் செலவைக் குறைக்க வேண்டும். கட்டடத்தை அப்படியே கம்ப்யூட்டரில் எழுப்பி, எந்தப் பக்கம் வெயில் அடிக்கிறது, ஏசி எவ்வளவு இழுக்கிறது என்று ஓட்டிப் பார்த்து, எங்கே வெயில் மறைப்பு கட்டலாம் என்று சொல்வதுதான் இவர்கள் வேலை. அந்த மறைப்புக்கு இன்றைக்கு ஆர்டர் போடுவதாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து தூங்குமூஞ்சி எழுந்து, "ஆர்டர் போடாதீங்க சார். கணக்குல கிழக்கும் மேற்கும் மாறிப் போச்சு. என் தப்புதான்" என்று குண்டைத் தூக்கிப் போட்டான்.

"அடக் கடவுளே! சாயங்கால வெயில்ல நோயாளிங்க வெந்துல்ல போயிருப்பாங்க!" என்றார் நிர்வாகி.

"மன்னிச்சிருங்க மேடம்."

"மன்னிப்பும் வேணாம், மண்ணாங்கட்டியும் வேணாம். இனிமே இந்த வேலையில நீங்க கிடையாது. நானே பார்த்துக்கறேன்."

அவன் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவனுக்காகப் பரிந்து பேச ஒரு நாதி இல்லை.

அதே சூட்டோடு அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். தப்பு எங்கே ஆரம்பித்தது என்று தேடிக்கொண்டே போய், முதன்முதலில் ஏற்றிய வரைபடத்தைத் திறந்தாள். வடக்கைக் காட்ட வேண்டிய அம்பு தெற்கே பார்த்து நின்றது.

யார் ஏற்றியது என்று பார்த்தாள்.

வரைபடத்தை ஏற்றி, வடக்கைக் குறித்தது அவளேதான். அந்த வாரம் அவன் லீவு. அப்புறம் அவன் போட்ட கணக்கெல்லாம் அவள் வைத்த வடக்கை நம்பித்தான்.

போன் போட்டாள்.

"டேய், தப்பு என்னோடதுன்னு உனக்குத் தெரியுமா?"

"காலையிலதான் பார்த்தேன்."

"சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"முதலாளி எதிர்லயே உக்காந்திருந்தாரே! உன் மேனேஜர் பதவி இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கு. எனக்கென்ன, ஏற்கெனவே தூங்குமூஞ்சி. முழுக்க நனைஞ்சவனுக்கு முக்காடு எதுக்கு?"

அவன் சிரித்தான். அவள் கூனிக் குறுகிப் போனாள். சீ, எத்தனை பேர் முன்னாடி என்னவெல்லாம் பேசிவிட்டோம்! முதலாளியிடம் உண்மையைச் சொல்லிவிட்டுத்தான் மறுவேலை என்று எழுந்தாள்.

அதற்குள் முதலாளியே கதவைத் திறந்துகொண்டு வந்தார்.

"உன்னைத்தாம்மா பார்க்க வந்தேன். கூடச் சேர்ந்தவனாச்சேன்னு பார்க்காம, தப்புன்னா தப்புன்னு கேட்ட பாரு, அதுதான் மேனேஜருக்கு அழகு. பதவி உனக்குத்தான்."

"சார், அது வந்து... அந்தத் தப்பு..."

"அதை விடு. அவனை வேற ஊருக்கு மாத்திடறேன். இப்ப சந்தோஷம்தானே?"

சொல்லிவிடத்தான் அவள் வாயைத் திறந்தாள்.

"ரொம்ப நன்றி சார்."