சோப்பு பட்ட கல்

அடுப்பு மேல் இருந்த தோசைக்கல்லைப் பார்த்ததும், கடலூரிலிருந்து பஸ்ஸில் வந்த களைப்பெல்லாம் அல்மாஸுக்கு மறந்துபோயிற்று.

"இதை யாரு இப்படித் தேய்ச்சது?"

"நான்தான் சின்ன மாமி," என்றாள் அக்கா மருமகள் ஃபர்ஹானா. "ஒரே கறுப்பா இருந்துச்சு. சோப்புத்தூள் போட்டு, கம்பி நாரால…"

அல்மாஸ் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

அது அவள் அக்கா ரசியாவின் கல். தனிக்குடித்தனம் வந்த புதிதில் அக்கா புருஷன் ரஃபியுதீன் மச்சான் ஸ்ரீமுஷ்ணம் தேர்த்திருவிழாக் கடையில் வாங்கி, மடியிலேயே வைத்துக்கொண்டு சிதம்பரம் கொண்டுவந்த வார்ப்பு இரும்புக் கல். அன்றிலிருந்து அதன்மேல் சோப்பு பட்டதே இல்லை. சுட்டு முடித்ததும் துணியால் துடைத்து, சொட்டு நல்லெண்ணெய் தடவி வைப்பாள் ரசியா. யாருக்கும் இரவல் தர மாட்டாள். பெற்ற பிள்ளை யாசரைக்கூட இப்படிப் பொத்தி வளர்க்கவில்லை என்று மச்சானே கேலி பண்ணுவார். மாவை ஊற்றினால் தோசை தானாக எழுந்து வரும்.

அந்தக் கல் இப்போது வெளுத்துப்போய், ஓரமெல்லாம் துருப் பிடித்துக் கிடந்தது.

மச்சான் கண்ணை மூடி மவுத்தானதிலிருந்து ரசியா ரசியாவாக இல்லை. புருஷனை இழந்தவள் இருக்க வேண்டிய நாலு மாசம் பத்து நாள் இத்தா முடிகிற வரைக்கும் வெளியே வராமல் ரூமோடு இருந்தாள், சரி. முடிந்த பிறகும் வரவில்லை. சுவரைப் பார்த்தபடி படுத்திருப்பாள். தட்டில் வைத்ததில் இரண்டு வாய் சாப்பிட்டால் பெரிது. பேச்சு சுத்தமாக நின்றுவிட்டது. கத்தாரில் இருக்கும் யாசர் தினமும் வீடியோ காலில் வந்து, என்னைப் பாரும்மா என்று கெஞ்சுவான். இப்படியே போனால் ஆள் தேறுவது கஷ்டம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். வீட்டில் கூட இருப்பது மருமகள் ஃபர்ஹானா ஒருத்திதான். ஒரு நடை வந்துட்டுப் போங்க சின்ன மாமி என்று போன் பண்ணியவளும் அவள்தான்.

வந்து பார்த்தால் இந்த லட்சணம்.

அல்மாஸ் வாய் சும்மா இருக்கிற வாயா? பிடித்துக்கொண்டாள். கல்லைப் பார்த்தால் பொம்பளையைச் சொல்லிடலாம் என்றாள். எம்.காம் படித்தால் ஆச்சா, அடுப்பங்கரை தெரிய வேண்டாமா என்றாள். மச்சான் கை பட்டதென்று அக்காவுக்கு இருந்தது இது ஒன்று, அதையும் சுரண்டி எடுத்துட்டியே என்றாள். ஃபர்ஹானா தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். அவள் எதிர்த்துப் பேசாதது அல்மாஸுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

கல்லைத் தூக்கிக்கொண்டு விடுவிடுவென்று ரூமுக்குள் போனாள்.

"பாருக்கா. ஒன் மருமவ பண்ணி வச்சிருக்கிறதைப் பாரு. மச்சான் வாங்கிக் குடுத்த கல்லு."

ரசியா மெல்லத் திரும்பினாள். கையை நீட்டிக் கல்லைத் தடவினாள். விரலில் துரு ஒட்டியது.

"சோப்பு போட்டாளா?"

மாதக்கணக்கில் யாரும் கேட்காத குரல்.

"வடிகஞ்சி இருக்கான்னு கேளு," என்று சொல்லிக்கொண்டே ரசியா எழுந்து, சுவரைப் பிடித்தபடி அடுப்பங்கரைக்கு நடந்தாள்.

புளியும் உப்பும் வைத்துத் துருவை எடுத்தாள். கல்லைக் கஞ்சியில் ஊறப்போட்டாள். மறுநாள் கழுவி, அடுப்பில் காயவைத்து, நல்லெண்ணெய் ஊற்றி, பாதி வெங்காயத்தால் சுற்றிச் சுற்றித் தேய்த்தாள். அவசரப்படாதே, பழகிடும் என்று கல்லோடு பேசினாள். நடுநடுவே மருமகளைத் திட்டினாள். பசிக்குது என்று கேட்டுச் சாப்பிட்டாள். அல்மாஸ் ஊருக்குப் போகிற பேச்சையே எடுக்கவில்லை.

கல் பழகப் பல நாள் ஆயிற்று. ஊற்றிய தோசையெல்லாம் பிய்ந்து பிய்ந்து வந்தது. ஒரு காலையில் ஒன்று மட்டும் முழுசாக எழுந்து வந்தது.

அதைத் தோசைத் திருப்பியில் ஏந்தியபடி ரசியா அப்படியே நின்றுவிட்டாள். முதல் தோசை எப்போதும் மச்சான் தட்டுக்குத்தான் போகும்.

"இதை யாருக்கு வைக்கிறது?" என்றாள். மையத்து எடுத்த அன்றுகூட அழாதவள், அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.

ஃபர்ஹானா தட்டை நீட்டினாள். "எனக்கு வைங்க மாமி."

அன்றைக்கு யாசர் வீடியோ காலில் வந்தபோது, ரசியா அவனிடம் கல் கெட்டுப்போன கதையை ஒன்று விடாமல் சொன்னாள். அவன் அங்கே அழுதுகொண்டே கேட்டான்.

இனி கிளம்பலாம் என்று அல்மாஸ் பை ஒன்று தேடினாள். அடுப்பு மேடைக்குக் கீழே, அரிசி டிரம்முக்குப் பின்னால் கையை விட்டபோது கனமாக ஏதோ தட்டுப்பட்டது. பழைய துணியில் சுற்றிய ஒரு தோசைக்கல். மை மாதிரி கறுப்பு. நல்லெண்ணெய் தடவிப் பதமாக வைத்திருந்தது.

"இது யாருது?"

ஃபர்ஹானா ரூம் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "என்னுதுதான். அம்மா வீட்டுல நான் பழக்குன கல்லு."

"கல்லு பழக்கத் தெரிஞ்சவளா நீ? அப்புறம் ஏன்டி…"

"என்னென்னமோ பண்ணிப் பாத்தேன் சின்ன மாமி. மாமி எழுந்திருக்கவே இல்ல. கல்லு கெட்டுச்சுன்னாவாவது கோவம் வரும்னு தேய்ச்சேன். பிஞ்ச தோசையைக் கொண்டுபோய் வச்சேன். அதையும் பாக்காம சாப்ட்டாங்க. நீங்க வந்து சத்தம் போட்டாத்தான் காதுல விழும்னு போன் பண்ணேன்."

அல்மாஸ் கல்லை மறுபடி துணியில் சுற்றி, டிரம்முக்குப் பின்னால் இன்னும் உள்ளே தள்ளினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, ரூமுக்குக் கேட்கிற மாதிரி குரலை உயர்த்தினாள்.

"அக்கா, ஒன் மருமவளுக்கு ஒரு மண்ணும் தெரியல. அடுப்பங்கரையை இவகிட்ட விட்டுடாதே."