ஆட்டுப்பட்டிக்கு மேலே

துடைப்பப்புல் அறுக்க விடியலில் மலைக்குப் போன அஞ்சலை, பாறை இடுக்கில் கிடந்ததென்று ஆரஞ்சு நிறப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தாள். அதில் சின்ன விளக்கு விட்டுவிட்டு எரிந்தது.

"கண்டதையும் பொறுக்கிட்டு வருவியா?" என்றேன்.

"தொலைச்சவன் தேடி வருவான். அதுவரைக்கும் நனையாம இருக்கட்டும்" என்று ஆட்டுப்பட்டிக் கூரையில் செருகிவைத்தாள்.

மத்தியானம் ஹெலிகாப்டர் வந்து பட்டியையே சுற்றியது. ஆடுகள் சிதறி ஓடின. களத்தில் இறங்கிய அதிகாரி, "ஆள் எங்கே?" என்றார். எஞ்சின் இல்லாத விமானத்தில் நேற்று ஒருவர் தனியாகப் பறந்தாராம். விழுந்தால் இடத்தை வானத்துக்குச் சொல்லும் பெட்டியாம் அது. விமானம் உடைந்தபோது தெறித்திருக்கும் என்றார். பாறை இடுக்கில் கிடந்தவரை வானத்துக்கு எட்டாத அது, காலையிலிருந்து எங்கள் பட்டியைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

அஞ்சலைக்கு முகம் செத்துவிட்டது.

"ஏறும்மா, மேலேருந்து இடத்தைக் காட்டு."

"மேலேருந்து எனக்கு ஒண்ணும் தெரியாது சார். நடந்தாத்தான் வழி தெரியும்."

பெட்டியை மடியில் கட்டிக்கொண்டு மலை ஏறினாள். நான் பின்னால் ஓடினேன். ஹெலிகாப்டர் எங்கள் தலைக்கு மேலேயே வந்தது.

எடுத்த இடுக்கிலேயே பெட்டியை வைத்தாள். சுற்றிலும் ஆள் உயரப் புதர். "யாருப்பா அங்க?" என்று கத்தினாள். இரைச்சலில் அது பக்கத்தில் நின்ற எனக்கே கேட்கவில்லை. முந்தானையை உதறி, ஆட்டை விரட்டுவதுபோல், தூரப் போ என்று வானத்தைப் பார்த்து வீசினாள். ஹெலிகாப்டர் விலகிப் போய், சத்தம் மெல்ல அடங்கியது. இன்னொரு முறை கூப்பிட்டுவிட்டு, காதோரம் கையைக் குவித்துக்கொண்டு நின்றாள்.