கிழிய வேண்டிய தையல்

வீட்டிலேயே கார் சீட்டுக்குத் தோலுறை தைத்துத் தரும் ஜெசிந்தாவுக்கு, பக்கவாட்டு ஓரத்துக்கென்று கம்பெனி தனியாகக் கொடுத்திருந்த மெல்லிசு நூலைக் கண்டதும் பற்றிக்கொண்டு வந்தது. "இதுல தச்சா நாலு நாள் தாங்குமா?" என்று தன்னிடமிருந்த கெட்டி நூலைப் போட்டு, இரட்டைத் தையலாக அடித்து அனுப்பினாள்.

அடுத்த கட்டுத் தோலோடு வந்த வேன்காரர்தான் பேச்சுவாக்கில் சொன்னார். "வண்டி மோதினா சீட்டு ஓரத்துக்குள்ள இருக்கிற ஏர்பேக் அந்தத் தையலக் கிழிச்சிக்கிட்டுதாம்மா வெளிய வரும். அதுக்குத்தான் அங்க மட்டும் லேசான நூலு."

"போன வாரம் அனுப்பினதெல்லாம் எங்கண்ணே?"

"மாட்டியாச்சு. எந்த வண்டியோ, எந்த ரோட்டுலயோ ஓடிக்கிட்டிருக்கும்."

அவர் போன பிறகு, அதே கெட்டி நூலில் தைத்து அளவு தப்பியதால் ஒதுக்கியிருந்த ஓர் உறையை எடுத்தாள். தையலின் இரு பக்கமும் பிடித்து இழுத்தாள். காலால் மிதித்துக்கொண்டும் இழுத்தாள். ஓர் இழைகூட விடவில்லை.