பச்சை பிடித்த பைகள்

"உங்களுக்கு என்னட்ட ஏதும் கேக்கோணும் எண்டா வாயைத் திறந்து கேளுங்கோ. முகத்தைப் பார்த்து விளங்கிக்கொள்ள எனக்குத் தெரியாது."

"கேப்பன், கொன்ஸி. நேரம் வரட்டும்."

கலியாணமான புதிதில் கொட்டாஞ்சேனை வீட்டு வாசலில் நின்று கதைத்தது. அதற்குப் பிறகு ஹியூபேட் எதையுமே கேட்டதில்லை. கறியில் உப்பில்லாவிட்டாலும் பேசாமல் தின்றுவிட்டு எழும்புவான். இன்றைக்கு இருந்த ஆத்திரத்தில் கொன்ஸ்ரன்ஸுக்கு அந்த அமைதியும் எரிச்சலைக் கிளப்பியது.

பின்னறையில் அடுக்கியிருந்த காளான் பைகள் மறுபடியும் பச்சை பிடித்துவிட்டன.

மரத்தூளில் தவிடும் சுண்ணாம்பும் பிசைந்து, பைகளில் இறுக்கி, பீப்பாயில் அவித்து, ஆறவைத்து விதை போட்டவள் அவள். விறகு வெட்டித் தந்தவன் ஹியூபேட். பஞ்சடைத்து நூலால் வாயைக் கட்டிய பைகள் இருட்டறையில் அப்படியே கிடந்தால் உள்ளே வெள்ளை வெளேரென்று படரும். இடையில் திறந்தால் பச்சைப் பூஞ்சணம்தான்.

கொள்ளுப்பிட்டி ஹோட்டல்காரர் எவ்வளவு காளான் கொடுத்தாலும் வாங்கத் தயாராக இருந்தார். அந்தக் காசில்தான் ஹியூபேட்டைக் கனடாவுக்கு அனுப்ப வேண்டும். போனமுறை ஆமிக்காரரின் சுற்றிவளைப்பில் பிடிபட்டவன் உயிரோடு திரும்பி வந்ததே மாதாவின் கிருபை. அடுத்தமுறை?

"உங்கட பூனைதான் யன்னலால வந்து பையைக் கிளறுது!" மதிலுக்கு மேலால் கத்தினாள்.

பக்கத்து வீட்டுப் பலீலா அசையவில்லை. "பை கிழிஞ்சா கிடக்கு?"

"இல்ல. கட்டினபடிதான் கிடக்கு."

"நல்ல கத! என்ட பூன நூல அவுத்து, பஞ்ச எடுத்து, பொறகு திரும்பக் கட்டி வெச்சிட்டா போகுது? அப்பிடியாப்பட்ட பூனய சேர்க்கஸுக்கு அனுப்போணும்!"

கொன்ஸ்ரன்ஸுக்குச் சுருக்கென்றது. ஓடிப்போய் ஒரு பையைத் தூக்கிப் பார்த்தாள். அவள் போடுவது இறுக்கமான இரட்டை முடிச்சு. இதுவோ ஒரு இழுப்பில் அவிழ்கிற சுருக்கு.

"எந்த அறுவான் திறந்தவனோ! கையில அம்பிட்டா விரலை முறிச்சுப்போடுவன்!"

பையோடு முற்றத்துக்கு வந்தாள். ஹியூபேட் கெட்டுப்போன பைகளைச் சாக்கில் போட்டு, குனிந்து அதன் வாயைக் கட்டிக்கொண்டிருந்தான். துறைமுகத்தில் பழகிய கை. ஒரு சுற்று, ஒரு மடிப்பு, ஒரு இழுவை.

அவள் சாக்கைப் பார்த்தாள். கையிலிருந்த பையைப் பார்த்தாள். அதே சுருக்கு.

"நீங்களா? உங்கட உயிரைக் காப்பாத்தத்தானே நான் இந்தப் பாடு படுறன்! ஏன்? வாயைத் திறந்து சொல்லுங்கோ!"

ஹியூபேட் நிமிர்ந்தான். கை இன்னும் கயிற்றை விடவில்லை.

"ஒண்டு கேக்கிறன், கொன்ஸி. என்னை அனுப்ப வேண்டாம்."